ஆறு வயதில் சத்தமில்லாமல் முளைக்கும் பல்: சீலன்ட் எதற்கு, எப்போது, யாருக்கு?

ஆறு வயதுக் குழந்தையை வெளிச்சத்தில் உட்காரவைத்து, வாயை நன்றாகத் திறக்கச் சொல்லிக் கடைசிவரை பாருங்கள். பால் பல் வரிசை முடியும் இடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய பல் ஈறைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்க்கலாம். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று மொத்தம் நான்கு வரும். இவைதான் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பற்கள். சாகும்வரை சோறு மெல்ல வேண்டிய பற்கள். இவற்றின் பள்ளங்களில் சொத்தை வருவதற்கு முன்பே பூசி மூடும் மெல்லிய பூச்சுதான் சீலன்ட்.

பெரும்பாலான வீடுகளில் இவை வந்ததே யாருக்கும் தெரிவதில்லை. முன்பல் விழுந்தால் வீடே அமர்க்களப்படும், விழுந்த பல்லைக் கூரைமேல் எறிவோம், பாட்டி ஏதாவது பாட்டுப் பாடுவார். கடைவாயில் அப்படி எதுவும் நடக்காது. அங்கே எந்தப் பால் பல்லும் விழுவதில்லை. தாடை வளர்ந்ததால் கிடைத்த காலியிடத்தில் பல் புதிதாக முளைக்கிறது. அதனால் இதையும் பால் பல் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறோம். ஏழெட்டு வயதில் அதில் கறுப்புப் புள்ளி தெரிந்தால்கூட, "விழுந்து முளைக்கிற பல்தானே" என்று ஆறப்போடுகிறோம். அது விழாது. விழுந்தாலும் அந்த இடத்தில் இன்னொன்று முளைக்காது. நிரந்தரப் பற்களில் மிக அதிகமாகச் சொத்தையாவதும் இதே பல்தான்.

ஏன் இது மட்டும்? காரணம் பல்லின் உருவத்தில் இருக்கிறது. முன்பல் வழவழப்பானது, உணவு தங்காது. கடைவாய்ப் பல்லின் மெல்லும் பரப்பு அப்படி இல்லை. நான்கைந்து மேடுகள், அவற்றுக்கு நடுவே ஓடும் பள்ளங்கள், பள்ளங்கள் சந்திக்கும் இடத்தில் சிறு குழிகள். மேலிருந்து பார்த்தால் லேசான கோடு போலத் தெரியும். பல்லைக் குறுக்காக வெட்டி நுண்நோக்கியில் பார்த்தால், சில கோடுகள் வாய் குறுகி அடி அகன்ற குப்பியைப் போல, எனாமல் என்ற பல்லின் கடினமான வெளியுறைக்குள் ஆழமாக இறங்கியிருக்கும். பல பள்ளங்களின் வாய் டூத்பிரஷின் ஒற்றை இழையைவிடக் குறுகலானது. இழை உள்ளே போக வழியே இல்லை. சரியாகப் பல் துலக்கும் பிள்ளைக்கும் கடைவாய்ப் பல்லில் சொத்தை வருவது இதனால்தான். "நீ ஒழுங்காகத் துலக்கவில்லை" என்று குழந்தையைத் திட்டுவதில் பாதி நியாயம்தான் இருக்கிறது.

அந்தப் பள்ளத்துக்குள் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். வாயில் எப்போதும் இருக்கும் பாக்டீரியாக்களில் சில, முக்கியமாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற வகை, நாம் சாப்பிடும் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. பல்லின் மேற்பரப்பில் அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு (இது குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்கும். பிறகு எச்சில் வந்து அமிலத்தைத் தணித்து, இழந்த உப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். வழவழப்பான பரப்பில் இந்தக் கொடுக்கல் வாங்கல் ஓரளவு சமன் ஆகிவிடுகிறது. பள்ளத்தின் அடியில் எச்சில் எளிதில் போய்ச் சேராது. ஒட்டிக்கொண்ட பிஸ்கட் மாவும் வெளியே வராது. பிஸ்கட், ஜாம் தடவிய பிரெட், உருளைக்கிழங்கு சிப்ஸ் எல்லாம் இந்தப் பள்ளங்களில் பசை மாதிரி அடைந்துகொள்ளும். சிப்ஸ் இனிப்பில்லையே என்று கேட்கலாம். மாவுச்சத்து வாயிலேயே சர்க்கரையாக உடையும் என்பது பலருக்கும் நினைவில் நிற்பதில்லை.

(பல்லில் பூச்சி என்று சொல்லிக் கண்டங்கத்திரி விதைப் புகை பிடிக்கும் வழக்கம் ஊர்ப்பக்கம் உண்டு. சொத்தையில் நெளியும் புழு எதுவும் கிடையாது. இருப்பவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள்தான், அவை புகைக்கு உதிர்ந்து விழுவதும் இல்லை.)

புதுப் பல்லுக்கு இன்னும் இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று, முளைத்த புதிதில் எனாமல் முழுதாக முதிர்ந்திருக்காது. எச்சிலிலிருந்து தாதுக்களை உறிஞ்சி இறுகுவதற்குச் சில வருடங்கள் பிடிக்கும், அதுவரை அமிலத்துக்கு எளிதில் இளகும். இரண்டு, கடைவாய்ப் பல் ஒரே நாளில் மேலே வந்துவிடுவதில்லை. ஈறைக் கிழித்ததிலிருந்து எதிர்ப்பல்லோடு சேர்ந்து கடிக்கும் உயரத்துக்கு வர ஒரு வருடத்தை ஒட்டி ஆகலாம். அதுவரை பக்கத்துப் பால் பல்லைவிடத் தாழ்வாகவே இருக்கும். பிரஷ் உயரமான பல்லின்மேல் ஓடும், தாழ்ந்த பல்லைத் தொடாமல் தாண்டிவிடும். மெல்லும்போது உரசித் துடைபடவும் வாய்ப்பில்லை. ஒரு கடைவாய்ப் பல்லின் வாழ்நாளிலேயே ஆபத்தான காலம் இதுதான்.

சரி, எனாமலை உறுதியாக்கும் ஃபுளோரைடு என்ற தாது பேஸ்ட்டிலேயே இருக்கிறதே?

இருக்கிறது, அதுதான் அடிப்படை. அதை விட்டுவிட்டு வேறு எதைச் செய்தாலும் பிரயோஜனம் குறைவு. ஆனால் ஃபுளோரைடின் பலம் வழவழப்பான பரப்பில்தான் முழுசாகத் தெரியும். 1945-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ராபிட்ஸ் நகரத்துக் குடிநீரில் ஃபுளோரைடு சேர்த்தார்கள், உலகிலேயே முதல் முறையாக. பிறகு பல நாடுகளில் ஃபுளோரைடு பேஸ்ட்டும் பரவியது. குழந்தைகளின் பற்சொத்தை கணிசமாகக் குறைந்தது, ஆனால் எல்லாப் பரப்பிலும் ஒரே அளவில் குறையவில்லை. பல்லின் பக்கவாட்டில் நன்றாகக் குறைந்தது, பள்ளங்களில் அவ்வளவாகக் குறையவில்லை. இன்று அமெரிக்கப் பிள்ளைகளின் நிரந்தரப் பற்களில் வரும் சொத்தையில் பத்தில் ஒன்பது பங்கு கடைவாய்ப் பற்களில்தான் வருகிறது என்கிறது அங்குள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையம்.

பள்ளம்தான் பிரச்சினை என்றால் பள்ளத்தையே மூடிவிட்டால் என்ன? சீலன்ட் என்பது இவ்வளவுதான். சொத்தை வருவதற்கு முன்பே, கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்த நீர்மமான பிசினை ஓடவிட்டு, அங்கேயே இறுகச் செய்து, ஒரு மெல்லிய மூடியாக ஆக்குவது. பாக்டீரியாவுக்கு ஒளிந்துகொள்ள இடமும் இல்லை, சாப்பாடும் இல்லை.

யோசனை பழையது. 1920-களிலேயே, சொத்தை வராத பள்ளங்களைக்கூட முன்கூட்டியே குடைந்து அடைத்துவிடலாம் என்று வாதிட்ட பல் மருத்துவர்கள் இருந்தார்கள். சொத்தையைத் தடுப்பதற்காக நல்ல பல்லைக் குடைவது! குடையாமல் மூடலாம் என்றால் எதையும் எனாமலில் ஒட்டவைக்க முடியவில்லை. ஈரம், மெல்லும் அழுத்தம், சூடும் குளிரும் மாறி மாறி வருவது என எல்லாம் சேர்ந்து எந்தப் பூச்சையும் பெயர்த்துவிடும்.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் மைக்கேல் புவனோகோர். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரத்தில் இருந்த ஈஸ்ட்மன் பல் நிலையத்தில் ஆய்வு செய்தவர். தொழிற்சாலைகளில் உலோகத்தின்மேல் பெயின்ட் நன்றாகப் பிடிக்கவேண்டும் என்பதற்காக முதலில் பாஸ்பாரிக் அமிலத்தால் அதைக் கழுவுவார்கள். இதையே பல்லில் செய்து பார்த்தால் என்ன என்று நினைத்தார். 1955-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, அமிலம் பட்ட எனாமலில் பிசின் பல மடங்கு உறுதியாகப் பிடிக்கிறது என்று காட்டியது. பல்லைக் கரைக்கும் அமிலத்தையே பல்லைக் காப்பதற்குப் பயன்படுத்தியது அந்த மனிதரின் சாமர்த்தியம். அமிலம் எனாமலின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான நுண்துளைகளை உண்டாக்குகிறது. பிசின் அவற்றுக்குள் இறங்கி வேர் பிடித்த மாதிரி இறுகிக்கொள்கிறது. இன்று முன்பல்லில் ஒட்டும் வெள்ளை ஃபில்லிங்கும், கிளிப் போடும்போது பல்லில் ஒட்டும் சிறு கட்டைகளும் இதே தத்துவத்தில்தான் நிற்கின்றன. சீலன்ட்டாக இது சந்தைக்கு வந்தது 1970-களின் தொடக்கத்தில்.

நாற்காலியில் நடப்பது என்ன?

ஊசி கிடையாது. டிரில்லும் வழக்கமாகத் தேவைப்படாது. குழந்தையிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாதி அழுகை அதிலேயே நின்றுவிடும்.

முதலில் பல்லைத் தேய்த்துச் சுத்தம் செய்வார்கள். கன்னத்துக்கும் நாக்குக்கும் நடுவே பஞ்சு உருளைகளை வைத்து, உறிஞ்சு குழாயால் எச்சிலை இழுத்துக்கொண்டே இருப்பார்கள். பிறகு சுமார் 37 சதவீத பாஸ்பாரிக் அமில ஜெல்லைப் பள்ளங்களில் வைத்து 15 முதல் 30 விநாடி விடுவார்கள். கழுவிக் காற்றடித்துக் காயவைத்தால் அந்த இடம் சாக்பீஸ் மாதிரி மங்கலான வெள்ளையாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் அமிலம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம். அதன்மேல் பிசினை மெல்ல ஓடவிட்டு, நீல ஒளி வீசும் விளக்கைச் சில விநாடிகள் பிடிப்பார்கள். பிசின் இறுகிவிடும். கூர்முனைக் கருவியால் விளிம்பைத் தட்டிப் பார்த்து, கடிக்கச் சொல்லி, உயரமாக இடித்தால் லேசாகத் தேய்த்துவிட்டால் முடிந்தது. ஒரு பல்லுக்குச் சில நிமிடங்கள்தான். புளிப்பாக ஒரு சுவை தெரியும், காற்றடிக்கும்போது கூசும். அன்றைக்கே சாப்பிடலாம்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் எல்லாம் கெடுவதும் ஒரே இடத்தில்தான்: எச்சில். அமிலம் வைத்துக் காயவைத்த எனாமலில் எச்சில் ஒரு முறை பட்டால்கூட அந்த நுண்துளைகள் அடைபட்டுவிடும். மறுபடி அமிலம் வைத்துத்தான் தொடர வேண்டும். அதை விட்டுவிட்டு அவசரமாக மேலே பூசிவிட்டால் சில மாதங்களில் பெயர்ந்து வரும். சீலன்ட் நீடிப்பதும் நீடிக்காததும் பெரும்பாலும் பிராண்டைப் பொறுத்தது அல்ல, பல் எவ்வளவு உலர்ந்திருந்தது என்பதைப் பொறுத்தது. பக்கத்தில் இன்னொருவர் நின்று எச்சிலை உறிஞ்ச உதவினால் வேலை நன்றாக அமையும். நான்கு கைகள் இருக்கும் கிளினிக்காகப் பாருங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

பாதி முளைத்த பல்லை எப்படி உலர்த்துவது? ஈறு மடிப்பு இன்னும் மேலே கிடக்கும், ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். இதற்கு கிளாஸ் அயனோமர் என்ற இன்னொரு பொருளைப் பயன்படுத்துவார்கள். கொஞ்சம் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், ஃபுளோரைடையும் மெல்ல வெளிவிடும். ஆனால் பிசின் அளவுக்கு நீடிக்காது. பல் முழுசாக வரும்வரை காவலுக்கு இது, பிறகு பிசின் சீலன்ட் என்று பல மருத்துவர்கள் இரண்டு கட்டமாகச் செய்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தன் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் கிளாஸ் அயனோமரையும் சேர்த்தது.

எவ்வளவு பலன்?

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லும் கணக்கு: சீலன்ட் போட்ட இரண்டு ஆண்டுகளில் கடைவாய்ப் பல் சொத்தையில் சுமார் 80 சதவீதத்தைத் தடுக்கிறது, நான்கு ஆண்டுவரை பார்த்தால் சுமார் 50 சதவீதம். பெயர்ந்துபோனதை யாரும் கவனிக்காமல் விடுவதும் இந்தச் சரிவுக்கு ஒரு காரணம்.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கோக்ரேன் அமைப்பு 2017-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு இதை இன்னொரு விதமாகப் பார்க்கிறது. எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது, ஏனென்றால் யாருக்குத் தேவை என்ற கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது. சொத்தை குறைவாக வரும் குழந்தைகளில், சீலன்ட் இல்லாவிட்டால் இரண்டு ஆண்டில் 100 பல் பரப்பில் 16 சொத்தையாகும் என்று வைத்துக்கொண்டால், சீலன்ட் அதைச் சுமார் 5 ஆக்கும். சொத்தை மிக அதிகமாக வரும் குழந்தைகளில் 70 சொத்தையாகும் இடத்தில் சுமார் 19 ஆகும். முன்னதில் 11 பல் தப்புகிறது, பின்னதில் 51. ஏற்கெனவே பால் பல்லில் சொத்தை இருக்கும் குழந்தை, ஆழமான பள்ளங்கள் உள்ள குழந்தை, பிரேஸ் போட்டிருக்கும் குழந்தை, கைப்பிடித்துத் துலக்கிவிட முடியாத சிறப்புத் தேவையுள்ள குழந்தை, அடிக்கடி நொறுக்குத் தீனி தின்னும் குழந்தை என இவர்களுக்கெல்லாம் நான் யோசிக்காமல் போடச் சொல்வேன். பள்ளங்கள் ஆழமில்லாமல், இதுவரை ஒரு சொத்தையும் வராமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் போகும் குழந்தை என்றால் பொறுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னாலும் அதில் தவறில்லை.

ஃபுளோரைடு வார்னிஷ் என்று இன்னொன்று உண்டு. பல் முழுவதும் தூரிகையால் தடவிவிடுவது, வருடத்துக்கு இரண்டு முறை. தெற்கு வேல்ஸில் 6, 7 வயதுப் பிள்ளைகள் ஆயிரத்துக்கும் அதிகமானவர்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு சீலன்ட்டும் மீதிப் பேருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வார்னிஷும் கொடுத்து மூன்று ஆண்டு பார்த்தார்கள். 2017-இல் வெளியான முடிவு: சீலன்ட் குழுவில் 19.6 சதவீதம் பேருக்கும், வார்னிஷ் குழுவில் 17.5 சதவீதம் பேருக்கும் முதல் கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை வந்திருந்தது. பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. அப்படியானால் வார்னிஷே போதுமா? அங்கே நடமாடும் கிளினிக் பள்ளிக்கே போய்த் தடவிக் கொடுத்தது. நம் வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது பரீட்சை, கல்யாணம், காய்ச்சல் என்று தள்ளிப்போய் வருடத்துக்கு ஒருமுறை ஆகும், அப்புறம் மறந்தே போகும். தவறாமல் போகக்கூடிய குடும்பம் என்றால் எதைத் தேர்ந்தாலும் சரி. இல்லையென்றால் ஒருமுறை போட்டாலே சில வருடம் நிற்கும் சீலன்ட் பக்கம்தான் என் ஓட்டு.

பெற்றோர் கேட்கும் பயங்கள்

உள்ளே சொத்தை இருப்பது தெரியாமல் மூடிவிட்டால்? நியாயமான பயம், அடிக்கடி வருவது. எனாமலில் இப்போதுதான் தொடங்கிய, குழி விழாத ஆரம்பச் சொத்தை என்றால், அதை மூடுவது தவறே இல்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதைப் பரிந்துரைக்கிறது. சாப்பாடு கிடைக்காமல் உள்ளே உள்ள பாக்டீரியாக்கள் பெருமளவு குறைந்து, சொத்தை பரவாமல் நின்றுவிடுகிறது. மூடி இறுக்கமாக இருந்தால் மட்டும். குழியே விழுந்துவிட்டால் அது சீலன்ட்டின் வேலை அல்ல, ஃபில்லிங் வேண்டும்.

பெயர்ந்து விழுந்தால் முன்னைவிட மோசமாகுமா? ஆகாது. முழுசாகப் பெயர்ந்த பல்லுக்கு, சீலன்ட்டே போடாத பல்லைவிட அதிக ஆபத்து இல்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குழந்தை விழுங்கிவிட்டாலும் பயப்பட ஒன்றுமில்லை. திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு முறை டாக்டரிடம் போகும்போதும் "சீலன்ட் இன்னும் இருக்கிறதா, விளிம்பு தூக்கியிருக்கிறதா" என்று நீங்களாகக் கேளுங்கள். ஒளி ஊடுருவும் பிசினைவிட வெள்ளை நிறப் பிசினைப் போட்டால், பெயர்ந்தது கண்ணுக்கே தெரியும்.

பிளாஸ்டிக்கில் இருக்கும் பிபிஏ (பிஸ்பீனால்-ஏ) என்ற வேதிப்பொருள் பற்றிய பேச்சும் வரும். சில பிசின்களிலிருந்து, போட்ட உடனே, மிகச் சிறிய அளவு பிபிஏ எச்சிலில் கலக்கலாம். சாப்பாட்டிலிருந்தும் டப்பா, பாட்டில்களிலிருந்தும் நாம் தினமும் வாங்கிக்கொள்ளும் அளவோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. மேற்பரப்பை ஈரப்பஞ்சால் துடைத்து, கொப்பளித்துத் துப்பச் சொன்னால் அதிலும் பெரும்பகுதி போய்விடும்.

சீலன்ட் எதைச் செய்யாது என்பதும் முக்கியம். இரண்டு பற்கள் ஒட்டும் இடுக்கில் வரும் சொத்தையை அது தடுக்காது. ஈறு நோய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆகவே சீலன்ட் போட்டாச்சு என்று துலக்குவதை விட்டுவிட முடியாது. ஃபுளோரைடு பேஸ்ட்டை மூன்று வயதுக்குள் என்றால் அரிசி அளவு, அதற்கு மேல் ஆறு வயதுவரை பட்டாணி அளவு வைத்து, காலையும் இரவும் துலக்க வேண்டும். இரவில் துலக்கிய பிறகு பால் கொடுத்துத் தூங்கவைக்கும் பழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். முளைத்துக்கொண்டிருக்கும் கடைவாய்ப் பல்லுக்கு ஒரு சின்ன உபாயம்: குழந்தையின் வாயைப் பாதி மூடச் சொல்லி, பிரஷைக் கன்னத்தின் பக்கவாட்டிலிருந்து குறுக்காக நுழைத்து, அந்த ஒரு பல்லை மட்டும் தனியாகத் தேயுங்கள். பிரஷ் வரிசையோடு ஓடினால் அதைத் தொடாது.

செலவு ஊருக்கும் கிளினிக்குக்கும் ஏற்ப மாறும். பல் ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். அந்தப் பல் சொத்தையாகி, வேர்வரை போய், ரூட் கேனல் செய்து, கேப் போடும் செலவோடு ஒப்பிட்டால் சீலன்ட்டின் விலை சிறியது. சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சிதம்பரத்தில் உள்ள கடலூர் மாவட்ட அரசுப் பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் குழந்தைகள் பல் பிரிவு தனியாக உண்டு. அங்கே கேட்டுப் பாருங்கள். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்தில் செய்வார்கள். நேரம் கொஞ்சம் கூடுதலாகும். அரசுப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வரும் ஆர்பிஎஸ்கே (பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் மத்திய அரசுத் திட்டம்) மருத்துவக் குழு, குழந்தைகளின் பல் பிரச்சினைகளையும் பார்த்து மேல்சிகிச்சைக்கு அனுப்பும். சீட்டு எழுதிக் கொடுத்தால் பைக்குள் மடித்து வைத்துவிடாமல் போய்ப் பாருங்கள்.

பால் பல்லில் உள்ள கடைவாய்ப் பற்களுக்கும், பள்ளம் ஆழமாக இருந்தால், சீலன்ட் போடுவதுண்டு. அவை பத்து, பன்னிரண்டு வயதுவரை வாயில் இருக்க வேண்டியவை. அதே பன்னிரண்டு வயதை ஒட்டி, முதல் கடைவாய்ப் பல்லுக்கும் பின்னால் இன்னும் நான்கு பற்கள், இதே மாதிரி சத்தமில்லாமல் முளைக்கும். ஆறு வயதில் போட்ட சீலன்ட் அவற்றைக் காக்காது. அவற்றுக்குத் தனியாகப் போட வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளையைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போவது ஆறு வயதில் கூட்டிப் போவதைவிடக் கஷ்டம், எனவே கோடை விடுமுறையில் முதல் வாரத்திலேயே அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள்.